பேர் வெட்டிய அண்டா

முத்தியால்பேட்டையில் செத்தவர்கள் பீர் நுரைக்குள் வந்து பேச ஆரம்பித்ததற்கு யாருடைய தவமும் காரணம் இல்லை, யாருடைய சாபமும் காரணம் இல்லை. சொல்தா கலியபெருமாளுக்குக் கடையில் இருந்த புது அண்டா ஒன்றுகூடப் பிடிக்காமல் போனதுதான் காரணம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் காலத்தைக் கழித்துவிட்டு, மாதம் பிறந்தால் பென்ஷனும் மழை பிறந்தால் முழங்கால் வலியுமாக ஊர் திரும்பி, அதனாலேயே 'சொல்தா' என்கிற சிப்பாய்ப் பட்டத்தையும் வாங்கியிருந்த அந்த மனிதர், தெருவுக்குத் தெரு சாராயக்கடை வைத்திருக்கும் புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு தன் பீரைத் தானே காய்ச்சிக் குடிப்பேன் என்று பிடிவாதம் பிடித்து, அதற்கு ஏற்ற பாத்திரம் தேடிக் கமலவேணியின் பாத்திரக்கடைக்கு வந்து, ஒரு காலைப்பொழுது முழுக்க அண்டாக்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு குறை சொல்ல மாட்டார்கள் என்று கமலவேணி நினைத்துக்கொண்டாள்.

"இதுக்கு அடி காகிதமாட்டம் இருக்குதும்மா. பார்லியக் கொதிக்க வெச்சா அடிபிடிச்சிக்கும், அப்புறம் பூரா தீஞ்ச வாடைதான் அடிக்கும்."

"அப்ப அலுமினியத்துல பாருங்கண்ணே, கெட்டியா இருக்கும்."

"ஐயோ, புளிப்பு ஏறுற சரக்கை அலுமினியத்துல வெக்கலாமா? எவர்சில்வர்தான் வேணும். கைப்பிடிக்கு ஆணி அடிச்சது வேணாம், ஆணி இடுக்குல அழுக்கு நிக்கும். ஒரு பொட்டு அழுக்கு நின்னாலும் அத்தனையும் காடியாப் போயிடும். பொங்கி வரதுக்கு மேல பாதிக்குப் பாதி எடம் விடணும், அதனால வாய் அகலமா, வயிறு ஆழமா இருக்கட்டும்."

கமலவேணிக்குச் சிரிப்பு வந்தது. பாத்திரம் தேய்த்தே அறியாத ஆம்பளைக்கு வந்த பாத்திர ஞானத்தைப் பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கடைசியாக அவரைக் கடையின் பின்கட்டுக்கு அழைத்துப்போனாள். பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்கிப்போகிறவர்கள் விட்டுச்சென்றதெல்லாம் உருக்குகிற பட்டறைக்குப் போகும் வரை அங்கேதான் கிடக்கும். அந்தக் குவியலின் அடியிலிருந்து அவர் உருட்டி எடுத்த அண்டா, பழைய காலத்துக் கெட்டி எவர்சில்வர், தட்டினால் கோயில் மணியாக நின்று ஒலித்தது. அதன் கழுத்தோரம் உளியால் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது: கு. தையல்நாயகி.

"பேர் வெட்டுனதாச்சே, பரவால்லியா?" என்றாள் கமலவேணி.

"பேரு வெளியதான இருக்குது? பீரு உள்ளதான இருக்கப்போவுது?" என்று சொல்லிவிட்டு அண்டாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார் சொல்தா.

பார்லியை முளைகட்டி, மொட்டைமாடியில் காயவைத்து, பதமாக வறுத்து உடைத்து, காய்ச்சி, ஆறவைத்து, ஈஸ்ட்டைத் தூவி, மூடி கட்டி மூலையில் வைத்தார். தெருவே அந்த வாசனையைக் கல்யாண வீட்டு வாசனை என்றும் கழுநீர்த்தொட்டி வாசனை என்றும் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியது. பீர் புளித்து வந்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுத் தபால்காரர் வேலாயுதம் ருசி பார்க்க வந்தார். சொல்தா மூடியைத் திறந்ததும் வெள்ளை நுரை விளிம்பு வரை எழும்பி நின்று, அதன் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைய உடைய, அந்த உடைசலுக்குள்ளிருந்து ஒரு கிழவியின் குரல் மெல்லியதாக, ஆனால் தெளிவாகக் கேட்டது: "வேலு, அடுப்ப அணைச்சியா?"

"அணைச்சிட்டேம்மா" என்றார் வேலாயுதம், கையில் தம்ளரோடு, யோசிக்காமல். சொன்ன பிறகுதான் அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது என்பதும், அவள் சமைத்த அண்டாவைத் தன் பெண்டாட்டி கமலவேணி கடையில் போட்டுவிட்டுக் குக்கர் வாங்கி வந்தாள் என்பதும் அவருக்கு நினைவு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நுரை அடங்கியது. சொல்தா மொண்டு கொடுத்ததைக் குடித்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

அடுத்த தடவை காய்ச்சியபோது அந்த அண்டா பேசவில்லை. அதற்கடுத்த தடவையும் பேசவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, அப்புறம் எதற்கு அவள் வரப்போகிறாள் என்று சொல்தா சொன்னபோது, வேலாயுதம் தன் வாயிலேயே அடித்துக்கொண்டு அழுதார்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஒரு மாதம் போவதற்குள் சொல்தா வீட்டு வாசலில் அண்டாக்கள் வரிசை கட்டி நின்றன. குடி என்றாலே காறித் துப்புகிற வீட்டுப் பெண்கள்கூட மாமியார் அண்டாவை முந்தானையால் துடைத்து எடுத்து வந்தார்கள். கலால் இலாகாவிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்து, வாசலில் நின்று மூன்றாவது வீட்டுப் பெரியவர் நுரைக்குள் இருமுவதைக் கேட்டுவிட்டு, ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் திரும்பிப்போய், மறுநாள் சாதாரண வேட்டியில் தன் அப்பாவின் தவலையோடு வந்தார். உயிரோடு இருப்பவர்களின் பேர் வெட்டிய பாத்திரத்தில் வெறும் பீர்தான் வந்தது. அன்பளிப்பு என்று கொடுத்தவர் பேரை வெட்டிய பாத்திரங்களில்தான் கூத்து: ஆசையாகப் புருஷன் குரலைக் கேட்க உட்கார்ந்தவளுக்கு, என்றோ கல்யாணத்துக்கு வந்துபோன தூரத்து உறவுக்காரர் நுரையில் வந்து, "பந்தி எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

செத்தவர்கள் பெரிய விஷயம் எதையும் பேசவில்லை. நகையை எங்கே புதைத்தேன் என்றோ, மேலுலகம் எப்படி இருக்கிறது என்றோ யாரும் சொல்லவில்லை. கதவைத் தாழ் போட்டாயா, மழை வருகிறது துணியை எடு, என் கண்ணாடி எங்கே, அவ்வளவுதான். பதில் சொன்னால் அடுத்த தடவை வர மாட்டார்கள் என்பதால், மூடி திறக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்வது அந்தத் தெருவின் வழக்கமாகிப்போனது. குழந்தைகளுக்குக்கூடச் சொல்லிக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பகலில் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு, சொல்தா காய்ச்சிக் கொடுத்த ஒரு அண்டாவைச் சுற்றி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். உள்ளே யாரோ தண்ணீர் கேட்டுக்கொண்டிருப்பார்கள், ஒருத்தரும் எழுந்து கொடுக்க மாட்டார்கள்.

கமலவேணியின் கடையில் கூட்டம் வந்தது, ஆனால் வாங்குவதற்கு இல்லை. எங்கம்மா அண்டா இங்கேதானே போட்டோம், திருப்பிக் கொடு என்று வந்தார்கள். உருக்கப் போய்விட்டது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு வறண்டது. வந்தவர்கள் எல்லோரும், போகும்போது ஒருமுறை, கடையின் பரணை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பரணில் அவள் மகள் எழிலரசியின் சீர்ப்பாத்திரங்கள் இருந்தன. பெண் பிறந்ததிலிருந்து பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று சேர்த்து, ஒவ்வொன்றிலும் கமலவேணி தன் கையாலேயே பேர் வெட்டி அடுக்கியவை. அவற்றைக் கொண்டுபோக வேண்டியவள், கடைக்குச் சரக்கு இறக்க வந்த வண்டிக்காரப் பையனோடு போய்விட்டாள். ஓடிப்போனாள் என்று ஊர் சொன்னது, ஆனால் அவள் ஓடவில்லை, நடந்துதான் போனாள். முதல் நாள் ராத்திரி பெரிய சண்டை. காலையில் காலேஜுக்குப் போகிற மாதிரி வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டு, "போய்ட்டு வரேம்மா" என்றாள். பை வழக்கத்தைவிடக் கனமாக இருந்ததைக் கமலவேணி பார்த்தாள். தடுக்கவும் இல்லை, போய்ட்டு வா என்று சொல்லவும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தம்ளர்களை அடுக்கினாள். வாசலில் கொஞ்ச நேரம் நிழல் நின்றது, பிறகு இல்லை.

கமலவேணியின் புருஷன் ரத்தினசபாபதிக்கு மானம் பெரிது. வேறு சாதிக்காரனோடு போனவள் செத்தவள் என்று சொல்லி, தலையை மழித்து, வைத்திக்குப்பம் கடற்கரையில் ஐயரை உட்காரவைத்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, பெண்ணின் தாவணி ஒன்றைப் படையலில் வைத்து முறையாகக் கருமாதி பண்ணி, வந்தவர்களுக்கு வடை பாயசத்தோடு சாப்பாடும் போட்டார். சில வருஷத்தில் அவரும் போனார். எழிலிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இருக்கிறாளா, இல்லையா என்பது கமலவேணிக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையோடுதான் அவள் தினமும் கடையைத் திறந்தாள், பூட்டினாள்.

பரணிலிருக்கும் அண்டாவை இறக்கும் எண்ணத்தை அவளுக்குக் கொடுத்தது பச்சைவாழிதான். மீன் விற்கிற பச்சைவாழியின் புருஷன் ஏழுமலை கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடம்பும் கரை சேரவில்லை. தாலியைக் கழற்று என்று ஊர் சொன்னபோது, உடம்பைக் காட்டுங்க கழட்டறேன் என்றாள். சடங்கு எதையும் செய்ய விடவில்லை. அவள் ஏழுமலையின் பேர் வெட்டிய தவலையைக் கொண்டுவந்து கொடுத்த வாரம் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மூடி திறந்தார்கள். நுரை எழும்பியது, உடைந்தது, அடங்கியது. ஒரு சத்தமும் இல்லை, வெறும் பீர். பச்சைவாழி அங்கேயே ஆடினாள். நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்தாள்.

"எந்தத் தீவுல கெடக்குதோ, எந்த ஜெயில்ல கெடக்குதோ, உசுரோட கெடக்குதுக்கா! அது போதும் எனக்கு" என்று கமலவேணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அந்தக் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்ட கமலவேணிக்குப் பொறாமையாக இருந்தது. இந்த நிம்மதி எனக்கும் கிடைக்காதா என்று இருந்தது. மறுநாளே ஏணி போட்டு ஏறி, சீரிலேயே பெரிய அண்டாவை இறக்கி, தூசி துடைத்து, சொல்தா வீட்டுக்குத் தூக்கிப்போனாள்.

சொல்தா கழுத்தோரத்துப் பேரைப் படித்தார். தட்டிப் பார்க்கவில்லை, குறை சொல்லவில்லை.

"தெரியாம இருக்கறதும் ஒரு வரம்தான் தங்கச்சி" என்றார்.

"அந்த வரத்த வெச்சிக்கிட்டு இத்தினி வருஷம் நான் பட்டது போதும்ணே. காச்சுங்க."

அந்த வாரம் முழுக்க அவள் சாமி கும்பிடவில்லை, கேட்டால் தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்ற பயம். ஞாயிற்றுக்கிழமை அவள் மட்டும் போனாள். சொல்தா மூடியை எடுத்தார். நுரை எழும்பி விளிம்பில் நின்று, குமிழி உடையும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் பேசாதே, பேசாதே என்று வேண்டிக்கொண்டிருக்கும்போதே, நுரை பாதிக்கு மேல் அடங்கியும் விட்ட பிறகு, இனிப் பயமில்லை என்று அவள் மூச்சு விட்ட அந்த நிமிஷத்தில், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பெண்ணின் குரல் கேட்டது.

"போய்ட்டு வரேம்மா."

கமலவேணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கருமாதியன்று அழாத அழுகையை அவள் இப்போது அழுதாள். தெரு திரண்டு வந்து அவளோடு உட்கார்ந்தது; மாலை கொண்டுவந்தார்கள், மார்பில் அடித்துக்கொண்டார்கள், எழிலின் அப்பனைத் திட்டினார்கள். துக்கம் முடிந்ததும் அண்டாவைக் கடைக்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். சொல்தா வந்து காய்ச்சிக் கொடுப்பார், அவள் மூடி திறப்பாள். ஒவ்வொரு தடவையும் அதே குரல், அதே வார்த்தை. அன்றைக்குக் கோபத்தில் சொல்லாத பதிலை இன்றைக்கு ஆசையில் சொல்லாமல் வைத்துக்கொண்டு, வாயைப் பொத்தியபடி, நுரை அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பாள். புதுப் பாத்திரங்களில் தூசி படிந்தது. பேர் வெட்டித் தரச் சொல்லி வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் மத்தியானம் கடைப்படிக்குக் கீழே ஒரு பெண் வந்து நின்றாள். சற்றுப் பருத்த உடம்பு, மூக்குக்கண்ணாடி, காதோரம் நரை. வெயிலில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"என்னம்மா வேணும்?" என்றாள் கமலவேணி.

"நான்தாம்மா."

கமலவேணிக்குக் குரல் பிடிபடவில்லை. அவள் வாராவாரம் கேட்கிற குரல் இது இல்லை. இது தடித்திருந்தது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தபோது தெரிந்த கண்ணைத்தான் அவள் அடையாளம் கண்டுகொண்டாள். கையிலிருந்த தட்டு விழுந்து உருண்டு தெருவுக்குப் போனது.

"சேலத்துல இருக்கோம்மா. பஸ் ஸ்டாண்டுல நம்ம தபால்கார மாமா என்னைப் பாத்து அலறி மயக்கம் போட்டு வுழுந்துட்டாரு. தெளிஞ்சதும் எங்கிட்டயே எனக்காகத் துக்கம் கேட்டாரு. நான் செத்துட்டேன்னு அழுவறியாமே நீ?"

தட்டின் சத்தத்துக்கு வந்த தெரு, எழிலைப் பார்த்ததும் நின்றது. தொட்டுப் பார்த்தார்கள், கிள்ளிப் பார்த்தார்கள். செத்தவள் பேசியதை ஒரு சந்தேகமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டவர்களுக்கு, உயிரோடு இருப்பவளை ஏற்றுக்கொள்ளத்தான் கஷ்டமாக இருந்தது. அப்புறம் அண்டா ஏன் பேசியது என்று யாரோ கேட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த சொல்தா, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அப்பன் முறையா எள்ளும் தண்ணியும் எறைச்சான்ல? அண்டாவுக்கு சாவு எங்க தெரியப்போவுது? சடங்கு நடந்துச்சா, அதான் அதுக்குத் தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்தது. கூட்டத்தின் ஓரத்தில் மீன்கூடையோடு பச்சைவாழி நின்றிருந்தாள். சடங்கே நடக்காத புருஷன் ஏன் பேசவில்லை என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கி, எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், பார்த்த வேகத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவள் நெற்றிக் குங்குமம் வியர்வையில் கொஞ்சம் கரைந்திருந்தது.

"வெயில் ஏறுது, மீனு கெட்டுப்பூடும்" என்று சொல்லிவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பச்சைவாழி நடந்தாள்.

கூட்டமும் கலைந்தது. அம்மாவும் மகளும் மட்டும் நின்றார்கள். எழில் இன்னும் படியேறவில்லை.

"உள்ள வாடி."

"அண்டாவுக்குள்ள அவ பேசறாளாமே, நான் கேக்கணும்."

அன்றைக்குத்தான் அண்டா பக்குவத்துக்கு வந்திருந்தது. கமலவேணி மூடியை எடுத்தாள். நுரை எழும்பி நின்றது. படிக்குக் கீழே நின்ற எழில் கழுத்தை நீட்டி, மூச்சை அடக்கிக் காத்திருந்தாள்.

"போய்ட்டு வரேம்மா" என்றது நுரை.

எழில் கண்ணாடியைக் கழற்றினாள். "எவ்ளோ சின்னப் பொண்ணுமா இவ" என்றாள். பிறகு, "பதில் சொல்லு" என்றாள்.

கமலவேணி வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். விரல் இடுக்கு வழியாக, "மாட்டேன், சொன்னா போயிடுவா" என்றாள். இத்தனை நாளும் அவளுக்கு இருந்த மகள் அந்த நுரைக்குள் இருப்பவள்தான். கோபம் தெரியாதவள், நரைக்காதவள், வாராவாரம் தவறாமல் அம்மா என்று கூப்பிடுகிறவள். வெளியே நிற்பவளுக்கு என்ன குறைகள் இருக்கின்றன, என்ன கேள்விகள் கேட்பாள் என்று அவளுக்குத் தெரியாது. அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"அவ வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தா, நான் எப்படிம்மா உள்ள வரது?"

நுரை பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. குமிழிகள் விளிம்பிலிருந்து நடுவுக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தன. கமலவேணி கையை எடுத்தாள். அண்டாவின் மேல் குனிந்து, தான் வெட்டிய பேரின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அன்றைக்கு அந்தக் காலையில் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னாள்.

"போய்ட்டு வா கண்ணு. பாத்துப் போ."

கடைசிக் குமிழியும் உடைந்தது. பழுப்பு நிறத்தில் பீர் அசையாமல் கிடந்தது, அதில் அவள் முகம் தெரிந்தது.

எழில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினாள். அம்மாவைத் தொடவில்லை. பாத்திரங்களுக்கு நடுவே வழி பார்த்து, பழகிய கால்களோடு கடைக்குப் பின்னாலிருந்த அடுக்களைக்குள் போனாள். அடுப்பு பற்றவைக்கும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம். கமலவேணி அண்டாவின் பக்கத்திலேயே, திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் நின்றாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அம்மா, சக்கரை எங்க வெச்சிருக்க?"

கமலவேணியின் கை தானாக எழுந்து வாயைப் பொத்திக்கொண்டது.

அடுக்களையில் தண்ணீர் கொதித்தது. இரண்டு தெரு தள்ளிப் பச்சைவாழி மீன் கூவிக்கொண்டு போவது கேட்டது. எப்போதும் கூவுகிற குரல்தான். ஒரு கூவலுக்கும் அடுத்ததற்கும் இடையில்தான் வெகுநேரம் ஆனது. கமலவேணி அடுத்த கூவல் வரும் வரை நின்று, பிறகு ஒவ்வொரு விரலாகக் கையை எடுத்தாள்.

"மேல் தட்டுல" என்றாள். பிறகு உரக்க, மறுபடி சொன்னாள். "மேல் தட்டுல இருக்குது, பச்சை மூடி போட்ட டப்பா."

உள்ளே சத்தமே இல்லை. கமலவேணி கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த டப்பா மூடி எப்போதும் இறுகிக்கொள்ளும். அதை யாரோ அடுப்பு மேடையில் இரண்டு தட்டு தட்டித் திறக்கிற சத்தம் கேட்டது.